அம்மன் பாட்டும் பதினோராம் எண் சிலிப்பரும்

அன்று செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும்.

அவ்வளவுதான். காலையில் தொடங்கினால் பகல் உணவுக்குள் முடிந்துவிடும் என்று திட்டமிட்டிருந்தேன். என் திட்டங்களை நெடுநாளாக அறிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரிக்கத் தொடங்கலாம். நான் தடுக்கப் போவதில்லை.

விவரம் அறியாதவர்களுக்காக ஒரு சிறு முன்னுரை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கெலாங் பாத்தாவில், எங்கள் வீட்டின் பின்னறையில், ஓர் ஒலிப்பதிவுக் கூடம் இயங்கி வருகிறது. 'கூடம்' என்பது என் சொல். என் மனைவி மங்களம் அதைத் 'துணி காயப்போடற ரூம்' என்பாள். மழை நாட்களில் இரண்டும் உண்மை.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு, ஒலிக்கலவை என்னும் கலையை எவரிடமும் கைகட்டி நிற்காமல் கணினித் திரையைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். எனக்கு ஆசிரியர் கிடையாது. ஆகவே, தவறு என்று சொல்லவும் ஆள் கிடையாது.

அந்தக் குறையைக் கடந்த ஆண்டுத் திருவிழா தீர்த்து வைத்தது.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், உள்ள மாரியம்மன் கோயிலுக்காக ஒரு பாட்டு உருவாக்கியிருந்தோம். வரிகள் என்னுடையவை. குரல் மங்களத்தினுடையது. உறுமியும் தப்பும் கோயில் மேளக்காரர்களுடையவை. பின்னறையில் கேட்டபோது உறுமி இடியாய் முழங்கியது. சற்று மிகுதியாகவே முழங்குகிறதே என்று அதை நயமாகக் குறைத்தேன். அதையே கோயில் குழாய் ஒலிபெருக்கியில் போட்டபோது, யாரோ காலி பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டு தெருவில் போவது போல் இருந்தது.

கோயில் தலைவர் என்னைவிட இளையவர். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். யாரையும் மனம் நோகப் பேசாதவர். என் தோளில் கை வைத்து, "பரவால்ல அண்ணே, அம்மா கோச்சிக்க மாட்டா," என்றார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இந்த ஆண்டு அவர் இன்னும் கனிவாகப் பேசினார். "ஞாயித்துக்கெழம வந்து கேக்கறேன் அண்ணே. சரியா வரலைன்னா ஜேபில ஒரு ஸ்டூடியோ இருக்கு, அவங்ககிட்ட குடுத்துருவோம். உங்களுக்கும் சிரமம் இல்ல. பாடறதுக்கும் அவங்களே ஆள் வச்சிருக்காங்களாம்."

ஜேபி என்றால் ஜொகூர் பாரு, பக்கத்து நகரம். அவருடைய கடைசி வாக்கியம் சமையலறை வரை கேட்டிருக்கிறது. அன்று முதல் எங்கள் வீட்டுக் குழம்பில் காரம் ஏறியது.

ஆராய்ந்ததில் குற்றவாளி அகப்பட்டது. மேசை. என் ஒலிபெருக்கிகள் நிற்பது மங்களத்தின் பழைய தையல் மேசையின் மேல். உறுமி அதிர்ந்தால் மேசையும் சேர்ந்து அதிர்கிறது. நான் கேட்ட இடியில் பாதி உறுமி, மீதி மேசை. மேசை செய்த குற்றத்துக்கு உறுமியைத் தண்டித்திருக்கிறேன்.

இதற்கென்றே நுரை மெத்தைகள் விற்கிறார்கள். ஒலிபெருக்கிக்கும் மேசைக்கும் நடுவில் வைத்தால் அதிர்வு கீழே இறங்காதாம். விலையைப் பார்த்தேன். மனிதர்கள் படுக்கும் மெத்தை அதைவிட மலிவு.

"வாங்கிருங்களேன், ஒரு தடவதானே," என்றாள் மங்களம்.

"வாங்கறதுக்கு எந்த முட்டாளாலயும் முடியும்," என்றேன்.

"அப்ப உங்களாலயும் முடியுந்தானே?"

நேராகச் சமையலறைக்குள் போய், பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சுகளை எடுத்து வந்து ஒலிபெருக்கிகளுக்கு அடியில் வைத்தேன். பாரம் ஏறியதும் அவை அப்பளமாயின. சிறிது நேரத்தில், "நான் எதுலங்க சட்டி கழுவறது?" என்று ஒரு குரல் வந்தது. ஆராய்ச்சியாளர்களுக்கு வீட்டில் ஒத்துழைப்பு கிடைப்பதே இல்லை.

கடைத்தெருவில் ஒரு சீனரின் பலசரக்குக் கடை உண்டு. ஆணி முதல் அகல்விளக்கு வரை அங்கே கிடைக்கும். அரிசி மூட்டைக்கு மேலே பார்த்தேன். கொத்துக் கொத்தாய்த் தொங்கின, ரப்பர் சிலிப்பர்கள்.

கட்டைவிரலால் அழுத்தினேன். அமுங்கியது. விட்டேன். மெல்ல நிமிர்ந்தது. பெருவிலை கொடுத்து வாங்கச் சொன்ன அதே பொருள், வார் மாட்டிக்கொண்டு அரிசி மூட்டைக்கு மேல் தொங்குகிறது. உலகம் இதைக் கவனிக்கத் தவறிவிட்டது; நான் தவறவில்லை. வலுவைச் சோதிப்பதற்காக ஒரு சோடியைத் தரையில் போட்டு, அதன் மேல் ஏறியும் நின்று பார்த்தேன். இந்தச் சிறு செயலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது மறந்துவிட்டது.

இருப்பதிலேயே பெரிய அளவு, பதினோராம் எண், நின்று பார்த்ததையும் சேர்த்து நான்கு சோடி எடுத்தேன்.

கடை முதலாளியான தவுக்கே சோடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்கிள், டி ரூமா பன்யாக் ஓராங் கா?" வீட்டில் நிறையப் பேரா என்று மலாயில் கேட்கிறார்.

"பூக்கான் உந்தோக் ஓராங். உந்தோக் ஸ்பீக்கர்," என்றேன். மனிதர்களுக்கு அல்ல, ஸ்பீக்கருக்கு.

"ஸ்பீக்கர் பாக்காய் சிலிப்பர்?" ஸ்பீக்கர் சிலிப்பர் போடுமா என்கிறார்.

"யா லா." ஆமாம் என்றேன்.

அதன் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை. பையைக் கையில் கொடுக்கும்போது மட்டும், "ரேஹாட் பன்யாக், அங்கிள்," என்றார். நிறைய ஓய்வு எடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வார்களைக் கழற்றினேன். எதையும் தூக்கி எறியும் வழக்கம் எனக்கு இல்லை என்பதால், வார்களைப் பத்திரப்படுத்தினேன். சதுரமாக வெட்டலாம் என்றால், ஒற்றைச் சிலிப்பர் ஒலிபெருக்கியின் அகலத்துக்குப் போதவில்லை. ஆகவே முழுதாகவே இடது, வலது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே இன்னோர் அடுக்கு. ஒலிபெருக்கிக்கு இரண்டு சோடி; கணக்கு அச்சாகப் பொருந்தியது. நீளம்தான் சற்று மிகுதி. விரல் வைக்கும் பகுதி முன்னால் எட்டிப் பார்த்தது. தள்ளி நின்று பார்த்தால், இரண்டு ஒலிபெருக்கிகளும் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குப் புறப்பட்டவை போல் இருந்தன.

பாட்டைப் போட்டேன்.

மேசை வாயை மூடிக்கொண்டது. உறுமி உறுமியாக மட்டும் கேட்டது. மங்களத்தின் குரலில் மூச்சு எடுக்கும் இடம்கூடத் துல்லியமாய்த் தெரிந்தது. முதன்முறையாக உண்மையான ஒலியைக் கேட்டு, அன்று மாலைக்குள் கலவையைச் செப்பமாகச் செய்து முடித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் எதுவும் அருகில் இல்லை.

அப்போதுதான் மங்களம் சாம்பிராணித் தட்டோடு உள்ளே வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் எல்லா அறைக்கும் புகை காட்டுவாள். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒலிபெருக்கிகளின் நெற்றியில் இன்னும் இருந்தன. அவள் பார்வை நெற்றியிலிருந்து கீழே இறங்கியது.

"என்னங்க இது?"

"அதிர்வுத் தடுப்பான்."

"சிலிப்பரு மாரி இருக்கு."

"சிலிப்பரா இருந்துச்சு. வாரக் கழட்டியாச்சு. வார் இல்லாதது எப்படிச் சிலிப்பராகும்?"

"வார் அந்துபோச்சுன்னா அதுல சோறு போட்டுச் சாப்பிடுவீங்களா?"

இத்தகைய குறுக்கு வாதங்களுக்கு நான் இடம் கொடுப்பதில்லை. "உறுமியில கட்டியிருக்கறது என்னா? மாட்டுத் தோல்தானே? அது மட்டும் கோயிலுக்குள்ள போலாமா?" என்று மடக்கினேன்.

"அத யாரும் கால்ல மாட்டலையே."

"இதையும்தான் யாரும் கால்ல மாட்டல. புத்தம் புதுசு."

"சத்தியமா?"

"சத்தியமா."

கடையில் ஏறி நின்றது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் வாயிலிருந்து வேறு சொல் வந்திருக்காது என்பது வேறு செய்தி.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மாரியம்மாவக் கூப்பிட்டு நான் பாடறேன். அந்தப் பாட்டுச் செருப்பு மேல நின்னுகிட்டு வருது. தலைவரு வர்றதுக்குள்ள எடுத்துருங்க."

எடுத்தால் மேசை மறுபடியும் பாடும். மேசை பாடினால் தலைவர் காதில் உறுமி குழம்பும். உறுமி குழம்பினால் பாட்டு ஜேபிக்குப் போகும், மங்களத்தின் இடத்தில் வேறொரு பெண் பாடுவாள். இதை அவளிடம் விளக்குவதைவிட, மறைப்பது எளிது என்று தோன்றியது. பூசை அலமாரியிலிருந்து சிவப்புக் கரை போட்ட மஞ்சள் பட்டுத்துணியை எடுத்து, ஒலிபெருக்கிகளின் அடிப்பகுதியைச் சுற்றி, அம்மனுக்குக் கட்டுவது போல் கொசுவம் வைத்துக் கட்டினேன். அழகாகவே அமைந்தது.

அந்த அழகுதான் வினையாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்தார். சிங்கப்பூர் போகும் செகண்ட் லிங்க் பாலத்தின் நெரிசலைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டுத்துணியைக் கண்டதும், "ஸ்பீக்கருக்கே சாத்திட்டீங்களா? பக்தி அண்ணே உங்களுக்கு," என்றார். மங்களம் கறிபாப் பலகாரத் தட்டோடு வாசலில் நின்று, அந்தத் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பாட்டு தொடங்கியது. உறுமி எழுந்ததும் தலைவர் கண்ணை மூடினார். கையில் மயிர்க்கால்கள் எழுவதை நானே பார்த்தேன். பாட்டு முடிந்தது. அவர் எழுந்தார். சந்தனம், குங்குமம், பட்டு. எதிரே நிற்பது ஒலிபெருக்கி என்பதே அவருக்கு மறந்துவிட்டது போலும். குனிந்து, பட்டுத்துணியின் அடியில் இரண்டு கைகளாலும் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், அடுத்த ஒலிபெருக்கிக்கும் அதே மரியாதையைச் செய்துவிட்டார்.

பிறகு நின்றார். தொட்டது என்ன என்று விரல்கள் இப்போதுதான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே."

"சொல்லுங்க தலைவரே."

"இது என்னா அண்ணே?"

"அதிர்வுத் தடுப்பான்."

"பதினொன்னுன்னு போட்டிருக்கு."

"அது மாடல் நம்பர்."

"என் சிலிப்பர்லயும் இதே மாடல் நம்பர்தான் அண்ணே போட்டிருக்கு."

தலைவர் துணியின் ஓரத்தைக் கீழே விட்டார்.

"நான் இதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்," என்றார் தலைவர், தமக்குள் பேசுவது போல.

"ரெண்டு வாட்டி," என்றாள் மங்களம் வாசலிலிருந்து. பிறகு, கணவன் என்னும் உறவு ஒன்று இருப்பது நினைவுக்கு வந்து, "ஆனா புதுசு தலைவரே. யாரு காலும் படல. இவரு சத்தியம் பண்ணிருக்காரு," என்றாள்.

தலைவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு நாளும் வராத நினைவு, வருவதற்கு அந்த நொடியைத் தேர்ந்தெடுத்தது. அரிசி மூட்டையும், தரையும், அதன் மேல் நின்ற என் இரண்டு கால்களும் பளிச்சென்று தெரிந்தன. என் முகம் ஒலிபெருக்கியைவிடத் தெளிவாகச் செய்தி அறிவிக்கும்.

"கடையில ஒரு தடவ நின்னு பாத்தேன்," என்றேன். "வலு தெரியணும்ல."

"அலமாக்," என்று மலாயில் திகைத்தார் தலைவர்.

கறிபாப் தட்டு மேசையில் வைக்கப்பட்டது. வைக்கப்பட்ட வேகத்துக்கு அதற்கும் ஓர் அதிர்வுத் தடுப்பான் தேவைப்பட்டது.

தலைவர் பின்பக்கக் குழாயில் முகம் கழுவினார். அவசரமில்லாமல், முழுமையாகக் கழுவினார். திரும்பி வந்தவர் குரல் பழையபடி கனிவாகவே இருந்தது. "பாட்டு நல்லா இருக்கு அண்ணே. அதச் சொல்லாமப் போனா பாவம். அண்ணி கொரலும் நல்லா இருக்கு. ஆனா செருப்பு மேல வச்சுச் செஞ்சத அம்மா முன்னாடி போட முடியாது. அத எடுத்துட்டு, சுத்தமா மறுபடி செய்ங்க. புதன்கெழம வர்றேன்."

சிலிப்பர்களை எடுத்தேன். ஒலிபெருக்கிகள் மேசையில் இறங்கின. மேசை உடனே பாடத் தொடங்கியது. இந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு மறுபடி கலவை செய்தால், மறுபடி பிஸ்கட் டின்தான். கணினி முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"செய்யலையா?" என்றாள் மங்களம்.

"செஞ்சாச்சு."

"எப்ப?"

"செருப்பு இருந்தப்பவே."

சண்டையை எதிர்பார்த்தேன். அவள் சிறிது நேரம் யோசித்தாள். ஜேபியில் பாடக் காத்திருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் யோசித்திருக்க வேண்டும். பிறகு சமையலறைக்குப் போய்ச் சொம்பில் மஞ்சள்நீர் கொண்டு வந்து, மேசை, ஒலிபெருக்கி, கணினி, நான் என்று ஒன்று விடாமல் தெளித்தாள். விசைப்பலகையில் இரண்டு பொத்தான்கள் அன்று முதல் ஒட்டிக்கொள்கின்றன. மற்றபடி எல்லாம் தூய்மை.

புதன்கிழமை தலைவர் வந்தார். முதலில் குனிந்து மேசைக்கு மேலும் கீழும் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார். ஓர் எழுத்தும் மாற்றாத அதே பாட்டைப் போட்டேன். மேசை பின்பாட்டுப் பாடியது.

தலைவர் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா அண்ணே? இப்ப எப்படி நெறஞ்சு கேக்குது? அன்னிக்கு ஏதோ ஒன்னு கொறஞ்சிச்சு. நான் சொல்லல, உங்க மனசு நோகக்கூடாதுன்னு."

"ரெண்டு நாள் உழைப்பு, தலைவரே," என்றேன்.

இதையெல்லாம் இப்படிப் பொதுவில் எழுதுகிறாயே, அவர் படித்துவிட மாட்டாரா என்று சிலர் கேட்கலாம். எனக்குக் கவலையில்லை. நான் இணையத்தில் எதைப் பதிவிட்டாலும், படிக்காமலேயே கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறவர் அவர். இதற்கும் போடுவார்.

திருவிழா நாளில், கோயில் குழாய் ஒலிபெருக்கியில் உறுமி உறுமியாகவே முழங்கியது. அதன் மேல் மங்களத்தின் குரல் ஏறி நின்றது. வரிசையில் நின்ற ஒரு பெண், "யாருங்க பாடுனது? நல்லா இருக்கே," என்று கேட்க, மங்களம் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, "நாந்தான்," என்றாள். எங்கே, எதன் மேல் வைத்து என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தோம். பத்திரப்படுத்திய வார்களை மறுபடி மாட்டி, அந்த நான்கு சோடியில் ஒன்றைத்தான் அன்று போட்டு வந்திருந்தேன். விட்ட இடத்தில் அது இல்லை. கொளுத்தும் தார்ச்சாலை ஓரத்தில் வெறுங்காலோடு இரண்டு முறை சுற்றித் தேடினேன். இல்லவே இல்லை.

மங்களம் தன் சிலிப்பரை மாட்டிக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்:

"எவனோ வீட்ல ஸ்டூடியோ வைக்கப் போறான் போல."