காசியில் விட்ட காப்பி

ராசிபுரம் பஸ்ஸை விட்டுச் சொந்த ஊரில் இறங்கும்போதே சரவணமுத்து தீர்மானம் பண்ணிக்கொண்டுவிட்டார்: தலையே போனாலும் உண்மையைச் சொல்வதில்லை.

மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம் அது. ஆடியில் வந்த விஷக்காய்ச்சல் அவருடைய ஒன்பது வயசு மகள் பொன்னுவைக் கொண்டுபோய்விட்டது. ஒரே பிள்ளை. மனைவி கந்தம்மாள் அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தாள். சரவணமுத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாலாம் நாளே நூல் கடைக்குக் குமாஸ்தா வேலை பார்க்கப் போய்விட்டார். செவ்வாய்ப்பேட்டையே அவரைக் கல்நெஞ்சன் என்றது.

"காசிக்குப் போயி, புள்ள பேருல எள்ளுந் தண்ணியும் உட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தவள் கந்தம்மாள்தான். பாவி மனுஷன் ரயிலடி வரைக்கும் போனார். டிக்கெட் ஜன்னலில் நீட்டிய கை தானாக மடங்கிக்கொண்டது. எள்ளும் தண்ணியும் விட்டுவிட்டால் பிள்ளை செத்தது நிஜமாகிவிடுமே! வெளியே வந்தார். எதிரே ராசிபுரம் பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தவர், கால் போன போக்கில் கொல்லிமலைக்கே போய்ச் சேர்ந்தார்.

நாற்பத்தெட்டு நாள். சாமைச்சோறு, மலைக்காரர் குடிசை, முழங்கால் வரைக்கும் அட்டைக்கடி. நடுக்காட்டில் ஒரு அருவி. அதன் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் வாய்விட்டுக் கதறினார் பாருங்கள், மரத்திலிருந்த குரங்குகளெல்லாம் இடத்தைக் காலி பண்ணிவிட்டன. அழுது ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்றுக்குத்தான் நாக்கு ஏங்கியது. காப்பி! கடைசியில் அந்த அருவித் தண்ணீரையே ஒரு செம்பில் பிடித்து, தேன்மெழுகால் வாயை அடைத்து, 'கங்கை' என்று பேர் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பேட்டைக்குள் கால் வைத்தால் ஜட்கா மணி, மூட்டை வண்டி, கூச்சல். காப்பி கிளப் வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. ஆனால் காசியிலிருந்து வருகிறவர் நேரே வீட்டுக்கல்லவா போகவேண்டும்?

வாசலில் தெருவே கூடிவிட்டது. காசிக்குப் போய் வந்தவர் காலைக் கழுவினால் புண்ணியம். இந்தக் கால் சங்கதியை மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. கந்தம்மாள் தாம்பாளத்தில் அவர் காலை வைத்து மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். அவள் கை சட்டென்று நின்றது.

பக்கத்து வீட்டு அத்தாயி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, காலெல்லாம் புள்ளி புள்ளியா இருக்குதே?"

"அது வந்து... கங்கையிலே மீனு..."

"கங்கை மீனு கடிக்குமுங்களா?"

"பக்தி இருக்கறவங்களைத்தான் கடிக்குமாம். நீ தள்ளிக்க, அத்தாயி" என்றாள் கந்தம்மாள், தலை நிமிராமல்.

"சரி, காசியில என்னத்தை உட்டீங்க?" என்றாள் அத்தாயி.

காசிக்குப் போனால் ஏதாவது ஒரு பண்டத்தை விட்டுவிட்டு வரவேண்டும். சாகிற வரைக்கும் அதைத் தொடக்கூடாது. சரவணமுத்து மலையிலேயே யோசித்து முடித்த விஷயம் இது. பாவக்காய்! பிறந்ததிலிருந்து பிடிக்காது. போனால் போகட்டும். கம்பீரமாக வாயைத் திறந்தார். "பா..."

"காப்பியை உட்டுட்டாருங்க!" என்றாள் கந்தம்மாள். "வந்ததும் எங்கிட்டத்தான் மொதல்ல சொன்னாரு."

"அடேங்கப்பா! காப்பியவா!" என்று தெரு மொத்தமும் அவர் காலில் விழுந்து எழுந்து போயிற்று.

கதவைச் சாத்தியதும் பாய்ந்தார். "ஏம்புள்ள, காப்பிய உட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"நீங்க எப்பக் காசிக்குப் போனீங்க?"

கந்தம்மாள் மாடத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். எள்ளு.

"இதை மறந்துட்டுப் போனீங்க. குடுக்கலாம்னு ரயிலடிக்கு ஓடியாந்தேன். நீங்க பஸ் ஏறிட்டிருந்தீங்க."

"அப்பவே கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"எதுக்குங்க? இந்த ஊட்டுல உங்களுக்கு அழுக வரல. எங்கயாச்சும் போயி அழுதுட்டு வரட்டும்னு உட்டுட்டேன்." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அழுதீங்களா?"

"அழுதேன்" என்றார். அதைச் சொல்லும்போதே மறுபடியும் அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காப்பி என்ன புள்ள பண்ணுச்சு?" என்று கேட்டார்.

"டம்ளர்ல ஒரு வாய் மிச்சம் வெச்சுட்டு, 'பொன்னு, வா சாமி'ன்னு கூப்பிடுவீங்க. அவ போனதுக்கப்புறமும் ரெண்டு நாளு கூப்பிட்டீங்க. உங்களுக்கே தெரியாது. என்னால அதைக் கேக்க முடியலீங்க."

செம்பை அவள் பக்கம் நகர்த்தினார். "இது கங்கை இல்ல."

"நீங்க அழுத எடத்துத் தண்ணிதானுங்களே? எம்புள்ளைக்கு இது போதும்."

இருவரும் கொல்லைக்குப் போனார்கள். எள்ளை அவர் கையில் கொட்டி, அந்தத் தண்ணீரை அவளே ஊற்றினாள். விரலிடுக்கில் எள்ளு ஒவ்வொன்றாக ஓடிப்போயிற்று.

உள்ளே வந்து இலை போட்டாள். சரவணமுத்து குனிந்து பார்த்தார். இலை நிறையப் பாவக்காய்ப் பொரியல்.

"ஏம்புள்ள, இதை நான்..."

"இதை நீங்க உடலீங்களே. சாப்பிடுங்க."

சற்று முன்னால் தெருவே விழுந்து கும்பிட்ட காசிக்காரர், வாயைத் திறக்காமல் மென்றார்.