யாரும் தொடக் கூடாத டிஸ்க்

"நாலு சதவீதமா? காலையிலேயும் இதே நாலுதானேடா காட்டுச்சு!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒஃபேலியா கத்தினாள். அவளுக்குப் பின்னால் தெருவே பென்டிரைவும் கையுமாக நின்றது. உள்ளே அனிசெத்தோவுக்கு வியர்த்துக் கொட்டியது.

வாரந்தோறும் ஹவானாவிலிருந்து பஸ்ஸில் வரும் ஹார்டு டிஸ்க்கில்தான் எங்கள் கமகுவேய் தெருவின் உயிர் இருந்தது. நாடகம், சினிமா, பாட்டு எல்லாம் அதற்குள் வரும். அனிசெத்தோ வீட்டில் பிரதி எடுத்துக்கொள்வோம். இந்த வாரம் நாடகத்தின் கடைசி அத்தியாயம். கண் தெரியாத லெயோனோருக்குப் பார்வை வருமா, வராதா? அந்தக் கவலையில் எங்கள் ரொட்டிக்கடைக்காரர் அடுப்பை மூட்டாமலே ரொட்டி சுட்டார். அதையும் வரிசையில் நின்று வாங்கித் தின்றோம்.

இத்தனைக்கும் வம்பை ஆரம்பித்தவளே ஒஃபேலியாதான்.

"போன வாரம் முத்தம் பாதியில நின்னு போச்சு! அது மறுபடி ஓடறதுக்குள்ள என்னை விட்டுட்டு ஓடுன புருஷனே திரும்பி வந்துட்டான்!"

அனிசெத்தோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதால்தான் படம் திக்குகிறது என்று, எல்லாவற்றையும் சேர்த்து அடுக்க டிஃப்ராக் போட்டான். அடுக்கி முடியும்வரை யாரும் டிஸ்க்கைத் தொடக் கூடாது. நடுவில் யாராவது படம் பார்த்தால் வேலை அப்படியே படுத்துவிடும். ஆகவே மாமனார் எவரிஸ்தோவைக் காவலுக்கு வைத்தான். சர்க்கரை ஆலையில் காவல்காரராக இருந்தவர். நாடகம் என்றாலே காறித் துப்புவார்.

"நீங்க போய் அந்தப் பொம்பளைங்களைச் சமாளிங்க மாப்ள. நான் கதவைச் சாத்திட்டு உக்காந்துக்கறேன். ஈகூட உள்ள வராது."

ஈ வரவில்லை. சதவீதமும் நகரவில்லை.

"எல்லாம் இந்தப் பழைய யூஎஸ்பி வயரால வர்ற வினை! அண்டாக் கரும்புச்சாறை உறிஞ்சுகுழல்ல குடிச்சா எப்ப தீரும்?" என்று அனிசெத்தோ சீறினான்.

டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ரேடியோ ரிப்பேர்க்காரர் ரிகோபெர்த்தோ வீட்டுக்கு ஓடினான். திருப்புளியால் நெம்பியதில் டிஸ்க்கின் பெட்டி உடைந்தது. இனி யூஎஸ்பியில் மாட்டவே முடியாது. நாடாபோல் பட்டையாக இருந்த ஐடிஇ வயரில் ஏதோ அடாப்டரைச் செருகி, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எவரிஸ்தோ நாற்காலியோடு வந்து சேர்ந்தார்.

"டிஸ்க் போற இடத்துக்குத்தான் காவல்காரனும் போகணும்."

மறுநாள் இரண்டு சதவீதம்.

"நாலு இப்ப ரெண்டாயிடுச்சு! பின்னாடி ஓடுதாடா உன் மிஷின்? இன்னிக்கு ராத்திரிக்குள்ள காட்டலேன்னா, தெருவே இனிமே நெரெய்தா வீட்டுக்குத்தான்!" என்றாள் ஒஃபேலியா.

தெருமுனை நெரெய்தாவும் பிரதி எடுத்துத் தருகிறவள்தான். இன்னும் வேகமான சாட்டா வயரில் நேராக மாட்டக்கூடிய கம்ப்யூட்டர் அவளிடம் மட்டுமே இருந்தது. பிழைப்பைக் காப்பாற்ற அவள் வாசலிலேயே போய் நின்றான் அனிசெத்தோ.

"என் டிஸ்க்ல வைரஸ்னு ஊர் பூரா சொன்னியே. அதே வாயால சொல்லு, நெரெய்தா மிஷின்தான் உசத்தின்னு."

சொன்னான்.

"காதுல விழல."

தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். அவனுடைய வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் அங்கேயே கட்சி மாறினார்கள்.

அங்கும் எவரிஸ்தோ நாற்காலியோடு காவலுக்கு உட்கார்ந்தார். டிஸ்க் முதலில் சற்று முனகியது. பிறகு பிடித்தது பார் ஓட்டம்! சாயங்காலத்துக்குள் நூறு.

"பாத்தீங்களா? குத்தம் என்மேல இல்ல, வயர்மேல!" அனிசெத்தோவின் நெஞ்சு நிமிர்ந்தது. "என்னென்ன பேச்சு பேசினீங்க! யாராவது மன்னிப்புக் கேக்கறீங்களா?"

யாரும் கேட்கவில்லை. நாற்காலி போட்டு இடம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். தலைப்புப் பாட்டு ஒலித்தது. லெயோனோரின் கண்கட்டை டாக்டர் அவிழ்க்கக் கை வைத்தார்.

கரண்டு போனது.

"எட்டு மாசமா அவளுக்குக் கண்ணு தெரியல, இப்ப நமக்கும் தெரியல!" என்று ஒஃபேலியா அலறினாள். "இந்த அநியாயத்தைக் கேக்க ஆளே இல்லியா?"

இருட்டின் மூலையிலிருந்து எவரிஸ்தோ தொண்டையைக் கனைத்தார்.

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க? அவளுக்குக் கண்ணு வந்துடுது. கட்டிக்கப்போறவன் மூஞ்சியப் பாத்ததும் கல்யாணமே வேணாம்னுடறா. மூணு வீட்டிலேயும் காவல் இருக்கறப்பப் பாத்தேன், திக்கற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு. மாப்ள சொல்றது சரிதான், இங்க ஒரே தடவையில பாத்து முடிச்சாச்சு, இந்த வயர்லதான் அழுகை விட்டு விட்டு வராம சீரா வருது."