ஐந்து குடம், ஒரு நாய்

படக்கதை வரைகிறேன் என்றால், "எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வாயில் வந்ததைச் சொல்லித் தப்பிக்கிறேன். உண்மையில், வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், தண்ணீர் லாரி வரிசையில், ஐந்து பிளாஸ்டிக் குடங்களிடம் கற்றேன். தண்டனையாகப் பதினொரு இட்லி தின்றேன்.

அப்போது கல்லூரி முதல் வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். (அதை யாரையும் மறக்க விட்டதில்லை.) பிரவுசிங் சென்டரில் ஒரு பிரிட்டிஷ் ஓவியரைப் பற்றிப் படித்தேன். வாரம் ஒரு பக்கம் படக்கதை வரைந்து இணையத்தில் சும்மா போட்டுக்கொண்டே இருந்தாராம். கடைசியில் கெட்டி அட்டைப் புத்தகமே வந்துவிட்டதாம். இவ்வளவுதானே என்று நானும் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் என் பக்கத்தைப் பதினான்கு பேர் பார்த்திருந்தார்கள். பதினான்கும் நான்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு முனியம்மா அக்கா வந்தார். "எல்லார் குடமும் ஒரே மாரி கீது, தெனம் சண்ட. நீ படிச்ச பொண்ணு, பேர எழுதிக் குடும்மா."

ஐந்து வீட்டுக் குடங்கள் வந்து சேர்ந்தன. வெறும் பெயரா? நானா? தினமும் பிளாக்கே கூடும் இடம், வரிசையாக நிற்கும் குடங்கள். இணையமாவது, மண்ணாவது! குடத்துக்கு ஒரு கட்டமாக எனாமல் பெயின்டில் ஒரு கதை வரைந்தேன். நாயகி, முனை இட்லிக் கடை கஸ்தூரி அக்கா. அனுமதியும் வாங்கினேன். "மூக்குத்தி தெரியற மாரி போடு," என்றார்.

முதல் குடத்தில் அக்கா லாரியில் தண்ணீர் பிடிக்கிறார். இரண்டாவதில் இடுப்பில் சுமக்கிறார். மூன்றாவதில் இட்லி ஊற்றுகிறார். நான்காவதில் ஜனங்கள் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறார்கள். ஐந்தாவதில், தெருநாய் ஒன்று குடத்துக்குள் தலையை விட்டு மிச்சத் தண்ணீரைக் குடிக்க, அக்கா தடவிக் கொடுக்கிறார். கருணை! எனக்கே கண் கலங்கியது.

குடங்கள் என் கதைப்படி நிற்காது, யார் முதலில் வருகிறாரோ அவர் குடம்தான் முதலில் நிற்கும் என்பதை யோசிக்கவில்லை. நாய்க் குடம் முனியம்மா அக்காவுடையது. இடம் பிடிப்பதில் அவரை வெல்ல பிளாக்கில் ஆள் கிடையாது. மற்ற நாலும் அவர் பின்னால், நான் வரைந்த வரிசையிலேயே நின்று தொலைத்தன.

"அய்ய, நாய் வாய வச்ச குடத்துலயா தண்ணி புடிக்குது?"

"தட்டிக் குட்த்துகினு வேற நிக்குது பாரேன்!"

"நேத்துதான் அங்க நாலு துன்னேன்..."

"படிச்ச பொண்ணு போட்டுக்குது. பாக்காமயா போடும்?"

எட்டு மணிக்குக் கடையில் ஒருவரும் இல்லை. புருஷன் இல்லாத கஸ்தூரி அக்காவுக்கு அந்த அடுப்புதான் சோறு. மூன்று ஈடு இட்லி ஆறிக் கிடந்தது. என்னைப் பார்த்து, "மூக்குத்தி நல்லாத்தான் கீது. பொழப்புலதான் பெயின்ட் அட்ச்சிட்ட," என்றார்.

ஓடிப்போய்க் குடத்தைத் தேய்த்தேன். எனாமல். போகவில்லை.

பஸ் நம்பர் தவிர எதுவும் படிக்கத் தெரியாத அம்மா முழுக்கதையும் கேட்டார். "நாய் கடைசியா?"

"ஆமாம்மா."

"அது யாருக்குத் தெரியும்? பஸ்சுக்கே நம்பர் கீது. ஒனக்கு இன்னா கொழுப்பு?"

கடை பெஞ்சில் என்னை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர் பார்க்கத் தின்றேன். ஒவ்வொரு இட்லிக்கும் நடுவில், போகிறவர்களிடம் "நாய் கடைசி, நாய் கடைசி" என்று விளக்கம். (படிப்பு இதற்கா?) பதினொன்றாவது இட்லியில் முனியம்மா அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "நவுரு. கஸ்தூரி, நாலு வை." அவர் சாப்பிட்டபின் கூட்டம் மெல்லத் திரும்பியது.

அன்று மாலையே குடங்களுக்கு நம்பர் போட்டேன். மறுநாள் ஒன்றாம் நம்பர் குடக்காரி, "நான்தான் ஃபர்ஸ்ட்டு" என்று முனியம்மா அக்காவின் குடத்தை நகர்த்தியதை எழுத எனக்குத் தெம்பில்லை.

இன்றும் வீட்டில் யாராவது எதையாவது முன்னுக்குப் பின்னாகச் சொன்னால், "நாய முன்னால வுடாத" என்பார்கள்.

என் முதல் படக்கதைப் புத்தகம் வந்தபோது அம்மாவோடு போய்க் கஸ்தூரி அக்காவுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். கை துடைத்து வாங்கியவர், திறக்காமல் அம்மாவைப் பார்த்தார்.

"நம்பர் பாத்தியா?"

"ஒவ்வொண்ணா பாத்துட்டேன். வரிசையாத்தான் கீது."

அதற்குப் பிறகுதான் திறந்தார்.