முழங்காலுக்குக் கீழே பனிப்புயல்

வெயிலுக்குப் பேர்போன செங்கல்பட்டில் உட்கார்ந்துகொண்டு, தென் துருவத்தில் பனி எந்த உயரத்தில் எவ்வளவு பறக்கும் என்பதைத் தன் காலைத் தூக்கிக் காட்டிச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ரவா சார். இத்தனைக்கும் அவர் பனியைப் பார்த்தது ஃபிரிட்ஜின் மேல்தட்டில் மட்டும்தான்.

காற்று, மழை அளக்கும் கருவிகள் செய்கிற சின்னக் கம்பெனி அது. நான் பர்ச்சேஸ். சீட்டு எழுதிக் கொடுக்காமல் கேட்டால் குண்டூசி கூட வாங்கித் தர மாட்டேன் என்று எனக்குக் கெட்ட பெயர் உண்டு. அவர் டெஸ்டிங். திருக்கழுக்குன்றம் பக்கத்து ஆள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

துருவத்துக்குப் போகிற விஞ்ஞானிகளுக்கு ஒரு கருவி செய்யும் வேலை வந்தது. அங்கே விழுகிற பனியை விட, விழுந்து கிடக்கும் பனியைக் காற்று வாரிக்கொண்டு ஓடுவதுதான் பெரிய தலைவலியாம். அதை அளக்க வேண்டும். ஒரு கம்பம், அதில் சின்னச் சின்னப் பெட்டிகள். பெட்டியில் ஒரு பக்கம் வெளிச்சம், எதிரே ஒரு கண். நடுவில் துகள் பறந்தால் நிழல் விழும், கருவி எண்ணிக்கொள்ளும். சரியாக எண்ணுகிறதா என்று பார்க்கப் பனிக்கு எங்கே போவது?

மறுநாள் என் மேசைக்குச் சீட்டு வந்தது. 'ரவை, ஐந்து கிலோ. வறுக்காதது.'

"வறுத்தா இன்னா சார் ஆயிடும்?" என்றேன்.

"வறுத்தா காஞ்சி லேசாயிடும்பா. பனி அப்டி பறக்காது."

"நீங்க பனியப் பாத்துகீறீங்களா?"

"ரவையப் பாத்துகீறேன்ல, போ."

பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. டேபிள் ஃபேனுக்கு முன்னால் ரவையைத் தூவிக்கொண்டே இருந்தார். கருவி எண்ணியது. ஃபைலில் ரவை, டிபன் பாக்ஸில் ரவை, மேனேஜரின் மூக்குக் கண்ணாடியில் ரவை. எறும்பு வந்தது, அணில் வந்தது. மூன்றாம் நாள் மூட்டையையே காணோம். வாட்ச்மேன் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா அண்ணாத்த, என் பனி எங்க?"

"உப்புமா கிண்டிட்டேன் சார். லேசா மிஷின் வாசன அடிக்குது. மத்தபடி நல்லாத்தான் கீது."

அத்தோடு ரவையை விட்டு மணலுக்குப் போனார். ஆடி மாதம். கம்பத்தை வேனில் ஏற்றி, தூக்கிப் பிடிக்க என்னையும் ஏற்றிக்கொண்டார். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே ஈ.சி.ஆர். சாலை ஓரமாக நட்டதுதான் தாமதம், பைக்குகள் எல்லாம் மெதுவாகப் போக ஆரம்பித்தன. கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டுகள் தலைக்கு ஏறின. ஒரு போலீஸ்காரர் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, புது கேமராவா?"

"பனி அளக்குற மிஷினுங்க."

"இங்கியா பனி?"

"இங்க மணலுதாங்க. பனின்னு நெனச்சிக்கினு அளக்குறோம்."

அவர் சாலையைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். "ஒரு வாரம் இங்கியே இருக்கட்டும் சார்" என்றார். நாங்கள் பிடுங்கிக்கொண்டு கடற்கரைக்கே போய்விட்டோம்.

அங்கேதான் கால் வந்தது. பேண்டைச் சுருட்டிவிட்டு, மார்க்கர் பேனாவால் கணுக்காலிலிருந்து முட்டி வரை அரைச் சாண், அரைச் சாணாகக் கோடு போட்டார். காற்றில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். "மொத கோட்டுல நல்லா குத்துது. மூணாவதுல கம்மி. முட்டியில ஒண்ணியும் காணோம், எழுதிக்கோ" என்றார். நான் எழுதிக்கொண்டேன். சுண்டல் விற்கிறவர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாளும் கடற்கரைக்குப் போனோம். துருவத்துக்குப் போகவிருக்கும் குழுவிலிருந்து ஒரு மேடம் அங்கேயே வந்தார். அவருடைய வரைபடத்தில் பெட்டி இரண்டுதான், ஒன்று நெஞ்சு உயரம், ஒன்று இடுப்பு உயரம். கணுக்கால் உயரத்தில் மூன்றாவது வேண்டும் என்று ரவா சார் நின்றார்.

"கீழ வச்சா பனியில பொதைஞ்சிரும் சார்" என்றார் மேடம்.

"ஒரு ஸ்க்ரூ வெச்சித் தரேன். பனி ஏறுனா பொட்டியும் ஏத்திக்கலாம். மேடம், செருப்பக் கயட்டிட்டு செத்த நில்லுங்க."

மேடம் நின்றார். ஒரு நிமிஷத்தில் குனிந்து கணுக்காலைத் தேய்த்தார். "சுருக் சுருக்குன்னு குத்துது."

"முட்டிக்கு மேல?"

"ஒண்ணும் தெரியல."

"பனியும் தரைய ஒட்டித்தான் ஓடும் மேடம். அத வுட்டுட்டு நெஞ்சுல அளந்தா இன்னா வரும்?"

மூன்றாவது பெட்டி வந்தது. அதை மாட்ட நானே வரட்டுமா என்று ரவா சார் கேட்டதும், மேடம் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டார். அப்புறம் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. புரட்டாசிப் புழுக்கத்தில் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். "பழகிக்கினு கீறேன்" என்றார். ஒரே ஒரு தடவை பறக்கிற பனியில் நின்றால் போதும், அப்புறம் ரிட்டையர் ஆகிவிடுவேன் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

மருத்துவப் பரிசோதனைக்குப் போனவர் மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். குல்லா கையில் இருந்தது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறதாம். அந்தக் குளிருக்கு இந்தக் கால் ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். பேண்டைத் தூக்கிக் காட்டினார். போன வாரம் கூடக் கடற்கரைக்குப் போய்ப் போட்டுக்கொண்ட மார்க்கர் கோடுகள் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"இந்தக் காலுதாம்பா மிஷினு. மிஷினையே ஃபெயிலாக்கிட்டாரு டாக்டரு."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் ஆற வைத்துவிட்டார்.

பெட்டிகள் கப்பல் ஏறின. அவர் ஸ்டூலில் ஏறி மழைமானிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பனி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம், மேடத்திடமிருந்து என் மெயிலுக்கு முதல் கணக்கு வந்தது. நெஞ்சில் ஏதோ கொஞ்சம். இடுப்பில் அதைவிடக் கொஞ்சம் கூட. கணுக்காலில் எண்ணி மாளவில்லை. கூடவே ஒரு படம். முட்டி வரை ஏறிய பெரிய பூட்ஸ் ஒன்று பனியில் நிற்கிறது. அதில் கீழேயிருந்து மேல் வரை மார்க்கர் பேனாவால் அரைச் சாண், அரைச் சாணாகக் கோடு. முதல் கோட்டை உரசிக்கொண்டு வெள்ளையாக ஓடுகிறது பனி. கீழே மேடம் எழுதியிருந்தார்: 'சார், இது உங்க கால். இங்கதான் நிக்குது.'

ரவா சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"மூணாவது கோடு கொஞ்சம் எறங்கிக்கீது" என்றார். போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கடைத்தெருவில் கண்ணாடிச் சட்டம் அடித்து, அவர் மேசைக்கு எதிரே நானே ஆணி அறைந்து மாட்டினேன். இத்தனை வருஷ பர்ச்சேஸில் சீட்டு இல்லாமல் நான் வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.