ஒரு திட்டத்தின் எட்டுச்செலவு

செத்த மனிதருக்கு எட்டாம் நாள் சமைத்துப் படைத்தவர்கள் நம்மில் ஆயிரம் பேர் இருப்பார்கள். செத்துப்போன அரசாங்கத் திட்டத்துக்குப் படைத்தவர் பூமிப்பந்தில் ஒருவர்தான். சுவிட்சர்லாந்தில், நான் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் கன்டோன், அதாவது மாகாண, சுகாதார அலுவலகத்தில் அவர் இருந்தார். எங்களுக்கு அவர் எட்டுச்செலவு அண்ணை.

டீட்டிகோன் என்ற ஊரிலிருந்து ரயிலில் வருவார். கோடையிலும் கம்பளித் தொப்பி. தன்னைவிடக் கெட்டிக்காரன் ஐரோப்பாவில் இல்லை என்பது அவருடைய அசைக்கமுடியாத கருத்து.

வேலை என்னவோ பாரமானது. வெளிநாட்டார் வலியைப் பெருப்பித்துச் சொல்வார்கள் என்றொரு நம்பிக்கை இங்கே ஆஸ்பத்திரிகளில் உலாவுகிறது. அவசரப்பிரிவுகளில் அதை ஒழிப்பதுதான் அண்ணையின் திட்டம்.

தாதிமாருக்கு வகுப்பெடுக்கும் நாளில் கூட்ட மேசையில் ஏறிப் படுத்துவிடுவார். சட்டையில் 'முல்லர்' என்று சுவிஸ்காரப் பெயர் ஒன்றை ஒட்டிக்கொண்டு, "ஐயோ, வயிறு!" என்று ஜெர்மன் மொழியில் அலறுவார். என்ன செய்யலாம் என்று கேட்டால், "உடனே ஸ்கேன்" என்பார்கள். அடுத்த மாதம் வேறு தாதிமார், அதே மேசை, அதே அலறல். பெயர் மட்டும் 'சிவசுப்பிரமணியம்'. ஒரு மாத்திரையும் புதினாத் தேநீரும் கிடைக்கும்.

"முல்லருக்கு ஸ்கேன், சிவசுப்பிரமணியத்துக்குத் தேத்தண்ணியோ?" என்று தொப்பியோடு எழும்பி உட்காருவார். பிறகு அவருடைய ஒரே மந்திரம்: ஒருவரை வீட்டுக்கு அனுப்புமுன் தாளில் உள்ள பெயரைப் பெருவிரலால் மூடிக்கொண்டு, எங்கே நோகிறது என்று இரண்டாம் தரம் கேள்.

இந்த நாட்டில் திட்டங்களுக்கு ஆயுள் குறைவு. பணம் முடிந்தால் திட்டம் முடியும். வெள்ளை வைனும் சீஸும் வைத்து அழகாக வழியனுப்புவார்கள். அண்ணையின் திட்டத்தையும் அப்படித்தான் முடித்தார்கள். அவர் ஒரு துண்டும் தொடவில்லை.

"சாப்பிடுங்கோ அண்ணை."

"செத்தவீட்டிலை ஆரும் சீஸ் தின்னுவினமோ தங்கச்சி? எட்டு முடியட்டும்."

பகிடி என்று நினைத்தேன். எட்டாம் நாள் இரண்டு பெரிய சட்டிகளோடு வந்தார். திட்டத்தின் சுவரொட்டிக்குச் சட்டம் போட்டு, மாலை போட்டு, கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். சோறு, மரக்கறி, வடையோடு ஒரு தட்டு பிஸ்கட்டும் படைத்தார்.

"பிஸ்கட் ஏன் அண்ணை?"

"செத்ததுக்கு விருப்பமானதைப் படைக்கவேணும். உது பாவம், கூட்டத்துக்குக் கூட்டம் பிஸ்கட் திண்டு வளந்த பிள்ளை."

கற்பூரத்தைக் கொளுத்தினார். அபாயமணி அடித்தது. தீயணைப்புப் படை வந்தது. அதன் தலைவர் புகைக்குள் நின்று, "யார் இறந்தது?" என்று கேட்டார்.

"உங்கட கன்டோனின்ர நியாயம்" என்றார் அண்ணை ஜெர்மன் மொழியில். "வந்தனீங்கள், கை கழுவிப்போட்டு இருங்கோ."

அவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று தரம் சோறு வாங்கினார்கள். எங்கள் தலைவி ஃப்ராவ் கெல்லர் சிவந்த முகத்தோடு, "திட்டம் திரும்பாது. இதுதான் கடைசிச் சாப்பாடு" என்றார்.

"எப்பிடி அம்மா? இன்னும் அந்தியேட்டி இருக்கு" என்றார் அண்ணை. "முப்பத்தோராம் நாள் சடங்கு. உங்கட கன்டோன் சபை ஆக்களையும் கூப்பிடப்போறன்."

அந்த எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில்தான் என் மகளுக்கு வயிற்றில் நோ வந்தது.

இங்கே பிறந்தவள். என்னைவிட, சில டாக்டர்களைவிடவும், நன்றாக சுவிஸ் ஜெர்மன் பேசுபவள். அவசரப்பிரிவில் ஓர் இளம் டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பரீட்சைப் பதற்றமாக இருக்கும், வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் புறப்படுவதற்கு அவளுடைய மேல்சட்டையைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

வாசலில் ஒரு தாதி மறித்தார். கையில் தாள். நான் பார்த்தது தாளை அல்ல, அவருடைய பெருவிரலை. அது எங்கள் நீண்ட பெயரின் மேல் அழுத்திக்கொண்டிருந்தது. "இன்னொருதரம் சொல்லு, எங்கே நோகிறது?"

வெடித்த குடல்வாலை அன்று மாலையே எடுத்தார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் என்ற வாக்கியத்தை இன்றுவரை என்னால் முடிக்க முடியவில்லை.

அந்தியேட்டிக்குச் சபை உறுப்பினர்கள் பசியோடு வந்தார்கள். இந்தத் தடவை கற்பூரத்துக்குப் பதில் மின்கல விளக்கு. அண்ணை நீளமாகப் பேசுவார் என்று பயந்திருந்தோம். அவர் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீங்கள் கதையுங்கோ" என்றார்.

பெருவிரலைப் பற்றிச் சொன்னேன். திட்டம் செத்த பிறகும் அந்த விரல் வேலை செய்தது என்றேன். வாயருகே கொண்டுபோன வடையைப் பலர் கீழே வைத்தார்கள்.

இளவேனிலில் வாக்கெடுப்பு நடந்தது. திட்டம் என்ற பெயரே போய், அது அலுவலகத்தின் நிரந்தர வேலையாயிற்று. இனி எந்த வைன் போத்தலாலும் அதை வழியனுப்ப முடியாது. ஃப்ராவ் கெல்லர் அண்ணையைக் கட்டிப்பிடித்ததில் தொப்பி விழுந்தது. அடியில் வழுக்கை என்று அன்றுதான் கண்டோம். தீயணைப்புப் படை மணியடித்து வாழ்த்தியது.

அண்ணை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "இனி நான் ஆருக்குச் சமைக்கிறது?"

"உயிரோடை இருக்கிறாக்களுக்குச் சமையுங்கோ" என்றேன்.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஆனால் மகளின் பிறந்தநாளுக்குச் சட்டியோடு வந்துவிடுவார். தொப்பியைக் கழற்றாமல் அவளிடம், "பிள்ளை, வயிறு நோகுதோ?" என்பார். "இல்லை மாமா" என்பாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே கேட்பார்.

அவள் இரண்டாம் தரமும் இல்லை என்று சொன்ன பிறகுதான் நான் சாப்பிட உட்காருவேன். அவரும் அதுவரை எனக்குச் சோறு போடமாட்டார்.