மறுபக்கமாக இறங்கும் திட்டம்

போன வழியே திரும்பி வருவது என்னால் ஆகாத காரியம். இது ஒரு நோய் என்று ஒப்புக்கொள்ளவே நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. பசாருக்கு ஒரு சாலையில் போனால் வேறொரு சாலையில்தான் வீடு திரும்புவேன். (மீன் கெட்டுப்போகும். அது வேறு கதை.)

எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றையும் திட்டமிடுபவர் என் மனைவி தேவியின் அண்ணன் குணா. தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பிறந்தநாளோ தீபாவளி விருந்தோ, யாருக்கு என்ன பொறுப்பு என்று வாட்சாப் குழுவில் பட்டியல் போட்டுவிடுவார். பதினேழு வருடங்களாக எனக்கு விழுந்தது ஐஸ் கட்டி மட்டும். கவிதை எழுதுகிறவனை நம்பிக் கோழியை ஒப்படைக்க முடியாதாம். ஆகவே பள்ளி விடுமுறைக்கு ஒரு சின்ன மலையேற்றம் போகலாம் என்று பேச்சு வந்தபோது முந்திக்கொண்டேன். இந்த ஒரு தடவை என்னிடம் விடுங்கள் மச்சான் என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்தச் 'சரி'யை ஒரு வாரம் பட்டம் போலச் சுமந்து திரிந்தேன்.

இரண்டு பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். இரண்டு மணி நேர நடை. நடுவில் ஆள் உயரப் பாறைகள். கயிற்றைப் பிடித்துக் கைகால் ஊன்றி ஏற வேண்டும். உச்சியில் கடல் தெரியும். பிறகு, திட்டத்தின் அழகே இதுதான், மறுபக்கமாக இறங்குவோம். அதற்காக முதல் நாள் சாயங்காலமே குணாவின் வேனை அங்கே நிறுத்திவைத்தோம். காலையில் வாடகைக் கார்களில் இந்தப் பக்க அடிவாரத்துக்கு வந்து இறங்கினோம். மழை வந்தால், குரங்கு வந்தால், மாமியாருக்கு முட்டி வலித்தால் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி இருந்தது.

அடிவாரத்தில் ஒரு டத்தோ கோயில். மஞ்சள் பூசிய சின்னக் கூண்டு. சீனர்களும் நம்மவர்களும் கும்பிடுகிற காவல் தெய்வம். ஐந்து பேரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டோம். மகள் யாழினி மறுபடி மாட்டக் குனிந்தபோது மாமியார் தடுத்தார்.

"மலைக்கு யாராச்சும் சப்பாத்து போட்டு ஏறுவாங்களா? தண்ணிமலைக்கு அப்படியா ஏறுறோம்?"

தைப்பூசம் தவறாமல் தண்ணீர்மலைக் கோயில் படிகளை வெறுங்காலில் ஏறுகிற குடும்பம். அவர்களுக்கு மலை என்றால் அது ஒன்றுதான், யாரும் மறுக்கவில்லை. பொறுப்பாளனான நானாவது யோசித்திருக்கலாம். நானோ, பாறையில் ரப்பரைவிட உள்ளங்காலுக்கே பிடிப்பு அதிகம் என்றும், கல்லும் காலும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளட்டும் என்றும் சொற்பொழிவாற்றினேன். ஐந்து ஜோடியும் டத்தோவின் முன் வரிசையாக நின்றன.

பாறையில் மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைத் தொடாமலே ஏறிவிட்டார். நான் இரண்டாவது பாறையில் ஒரு கால் கல்லிலும் ஒரு கால் காற்றிலுமாக நின்றுவிட்டேன். "கையக் குடுங்க மாப்ள" என்று அவர்தான் என் மணிக்கட்டைப் பிடித்து அரிசி மூட்டையைப் போல இழுத்துப் போட்டார்.

உச்சியில் காற்று. யாரோ மடிக்க மறந்த சேலையாகக் கடல் கிடந்தது. அதை நான் உரக்கச் சொல்லவும் செய்தேன். குணா அதைக் கேட்டுப் பொறுத்துக்கொண்டு, "நல்லாத்தான் பிளான் பண்ணியிருக்கீங்க மாப்ள" என்றார். பதினேழு வருடத்தில் முதல் தடவை. அந்த மிதப்பிலேயே எழுந்து மறுபக்கப் பாதையைக் காட்டினேன்.

யாழினி தன் கால்களைப் பார்த்தாள். "அப்பா, சப்பாத்து எல்லாம் அந்தப் பக்கம்லா இருக்கு."

வந்த வழியே இறங்கலாமா என்று குணா பாறையை எட்டிப் பார்த்தார். ஏறும்போது தெரியாத ஆழம் இப்போது தெரிந்தது. இறங்கினாலும் வேன் அங்கே இல்லை. மறுபக்கமே இறங்கினோம்.

முதலில் மண், பிறகு வேர், பிறகு கூர்க்கல், கடைசியில் பதினொரு மணி வெயிலில் தார்ச்சாலை. தேவி என் திட்டத்தின் முதல் பக்கத்தை யாழினியின் ஒரு காலிலும் இரண்டாம் பக்கத்தை மறு காலிலும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள். என் எழுத்து ஒருவருக்காவது உதவியது அன்றுதான். மற்ற நால்வரும் புல்லைத் தேடித் தேடி வரிசையாகத் தத்தினோம். வீட்டு வாசலில் நின்ற ஒரு சீன அம்மா எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து, ரப்பர்க் குழாயால் சாலையை நனைத்துவிட்டுக் கைகூப்பினார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிட்டார். (தைப்பூசத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.) மாமியார் கொஞ்சமும் அசராமல் கைப்பையிலிருந்து திருநீறு எடுத்துக் கொடுத்தார்.

வேனில் மலையைச் சுற்றிக்கொண்டு டத்தோ கோயிலுக்குப் போனோம். நாலரை ஜோடி இருந்தது. குணாவின் இடது சப்பாத்தை மட்டும் காணோம், குரங்காக இருக்கும். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பரவாயில்ல மாப்ள," என்றார். கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன். "அடுத்த தடவ நீங்க சும்மா வந்தா போதும்."

சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு வந்த எல்லாப் பட்டியலிலும் என் பெயருக்கு நேரே ஒரே சொல்தான்: 'வருவார்.' போன தீபாவளிக்கு நான் வாசலில் கால் வைத்ததும் குணா கைப்பேசியை எடுத்து அதற்கு ஒரு டிக் போட்டார். பிறகு உள்ளே பார்த்துச் சொன்னார்: "மாப்ள வேல முடிஞ்சிருச்சு. எல கொண்டு வாங்க."