ஆதிமுட்டையும் ஒரு வாளித் தண்ணீரும்

சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில் பாதை திறந்ததும் வன்னிக்கு என்னென்னவோ வந்தன. முரசுமோட்டைக் கிராமத்துக்கு ஒரு முட்டை வந்தது.

லேசுப்பட்ட முட்டையல்ல. உலகத்தில் கோழி உண்டாவதற்கு முன்பே உண்டான ஆதிமுட்டை. அதைப் பட்டுத்துணியில் வைத்துப் பூசை செய்தவர் ஏரம்புச் சாமியார்.

"முட்டைதான் முதல். கோழியெல்லாம் அதின்ரை பிள்ளையள். பிள்ளையைத் தாயிட்டைக் கொண்டுவந்து விடுங்கோ. நீங்கள் துலைச்சதெல்லாம் உங்களிட்டைத் திரும்பி வரும்" என்றார் அவர்.

வன்னியில் எதையும் தொலைக்காத வீடு எது? கோழியும் கையுமாகச் சனம் வரிசையில் நின்றது. முட்டை கோழி தின்னாது. சாமியார்தான் நாளுக்கு நாள் பருத்தார்.

நேசமலர் தொலைத்தது தம்பியை. இடப்பெயர்வில் பிரிந்தவன், உயிரோடு இருக்கிறானா என்றும் தெரியாது. இரண்டு கோழிகளைக் கொடுத்தும் அவன் வரவில்லை. "மற்றதையும் கொண்டா பிள்ளை" என்றார் சாமியார். வீட்டில் மிஞ்சிய ஒரே பேட்டுக்கோழியை அணைத்தபடி அவள் வந்து நின்றபோது, சாமியாரின் பூசைக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு கோழி கொக்கரித்தது. முட்டையிட்ட கோழியின் கொக்கரிப்பு அது. கோழி வளர்த்தவளுக்குத் தெரியாதா?

"சாமி, கோழிக்கு முந்தின முட்டையெண்டால் அதை இட்டது ஆர்?"

"அதுதான் பிள்ளை மாயை. படிச்சவைக்கே விளங்காது."

"எவ்வளவு பழைய முட்டை?"

"யுகக் கணக்கு."

"எண்டால் மிதக்கும்."

சாமியார் துணியை மூடுவதற்குள் அவள் முட்டையை எடுத்துக் கிணற்றடி வாளியில் மெல்ல விட்டாள். பழைய முட்டை மிதக்கும், புது முட்டை தாழும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டுதான் கும்பிட்டார்கள்.

யுகங்கள் கண்ட முட்டை நேரே அடியில் போய்ப் படுத்தது.

"தண்ணி தீட்டுப்பட்டுப் போச்சு..." என்று தொடங்கினார் சாமியார்.

"கோழி முந்தியோ முட்டை முந்தியோ எனக்குத் தெரியாது." நேசமலர் தன் கோழியை இன்னும் இறுக அணைத்தாள். "இந்த முட்டைக்கு முந்தி ஒரு கோழி இருந்தது. அது உங்கடை கொட்டிலுக்குப் பின்னாலை நிக்குது. என்ரை தம்பி மாதிரித் துலைஞ்சவையைச் சொல்லி இனி ஒருத்தரிட்டையும் கோழி வாங்காதேங்கோ."

சனம் பின்பக்கம் போய்ப் பார்த்தது. கறிச்சட்டிக்குப் போனவை போக மிச்சக் கோழிகள் கூட்டுக்குள் நின்றன. பக்கத்தில் இறகுக் குவியல். அவரவர் தங்கள் கோழியைத் தேடிய நேரத்தில் சாமியார் சைக்கிளில் மறைந்துவிட்டார்.

சந்தையில் வாங்கிய முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் அவிக்க மாட்டீர்கள். கும்பிடுகிற முட்டையையும் ஒருதடவை போட்டுப் பாருங்கள், ஐயாமாரே. உண்மை நனைந்தால் கெட்டுப்போகாது.